மழுங்காத கத்தி

அத்தியாயம் 9

"கத்திய எப்ப தீட்டுவே, முருகையா?"

"காலைல சார். மண்டிக்குள்ள போறதுக்கு முந்தி ஒருதபா. அத்தோட சரி."

"மத்தியானத்துக்குள்ள மழுங்கிப் போனா?"

"போனா போவுது. மண்டிக்குள்ள தீட்டுக்கல்லே வெச்சிக்கக் கூடாது சார். தீட்டுற நேரத்துல நாலு மூட்டை பிரிக்கலாமேன்னு கத்துவாரு மேஸ்திரி."

"எந்த மேஸ்திரி? பச்சைமுத்துவா?"

"செத்துப்போனவருதான் சார்."

"அன்னிக்கும் நீ மத்தியானம் தீட்டலையா?"

"தீட்டல சார்."

"அப்புறம் எப்படிப்பா மூணரை மணிக்கு அந்தக் கத்தி அவ்வளவு கூரா இருந்திச்சி?"

அதுவரை கேட்ட கேள்விக்கெல்லாம் வெடுக்கென்று பதில் சொல்லிக்கொண்டிருந்தவன், கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். "கத்தியப் பத்தி மட்டும் கேக்காதீங்க சார். வேற எது வேணா கேளுங்க."

பங்குனி மாதக் கடைசியில் விழுப்புரம் சப்ஜெயிலில் நடந்த பேச்சு அது. இப்போது ஆடி. துப்பறியும் இருதயராஜுக்கு அந்தப் பேச்சு இன்னும் ஒரு வார்த்தை பிசகாமல் நினைவில் இருந்தது. வழக்கு முழுவதும் அந்தக் கடைசிக் கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

திண்டிவனம் மண்டியில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டைகளின் வாய்த் தையலை அறுத்துக் கொட்டுகிற கூலியாள் முருகையன். ஒரு வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு, மண்டிக்குப் பின்னால் அவன் குடியிருந்த சந்தில் மேஸ்திரி பச்சைமுத்து குத்துப்பட்டுச் செத்துக் கிடந்தார். பக்கத்தில் முருகையன் கத்தியும் கையுமாக நின்றான். "நான்தான் குத்தினேன். திடீர்னு கோவம் வந்திடிச்சி" என்றான். திடீர்க் கோபம் என்றால் சில வருஷங்களோடு போகும். சர்க்கார் வக்கீல் விடவில்லை. கைப்பற்றியபோது அந்தக் கத்தி, தொங்கவிட்ட தாளை ஒரே இழுப்பில் வெட்டியது. நாள் முழுக்க மூட்டை அறுத்த கத்திக்கு அந்தக் கூர் ஏது? புதன்கிழமை மேஸ்திரியோடு சண்டை, வெள்ளிக்கிழமை கத்தியைப் பதமாகத் தீட்டிக்கொண்டு கொலை. இது திட்டம் போட்டுச் செய்தது என்றார். அப்படித் தீர்ப்பானால் தூக்கு, தப்பினால் ஆயுள். புருஷனைக் காப்பாற்றுங்கள் என்று இருதயராஜைத் தேடி வந்தவள் முருகையன் மனைவி அஞ்சம்மாள்.

திங்கட்கிழமை கடைசி வாதம். இன்று வியாழன்.

"சார், இருநூறு!"

அம்சா நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிரே சைக்கிள் கடை மாடியில் இருந்த அந்த ஒற்றை அறை அலுவலகம் முழுவதும் சாக்கும் சணலுமாகக் கிடந்தது. டைப் அடிக்க வந்து மூன்று வருஷத்தில் பாதித் துப்பறிவாளியாகிவிட்டவள் அம்சா. மீதிப் பாதி வாய்.

"இருநூறு மூட்டை வாய அறுத்திருக்கேன். இனிமே எங்கம்மா மாப்பிள்ளை தேடும்போது 'பொண்ணு டைப்பிஸ்ட்டு'ன்னு சொல்ல வேணாம், 'மண்டியில வேலை'ன்னு சொல்லலாம். இன்னும் நல்ல எடமா வரும்."

"தாளைப் பிடி."

அவள் டைப் அடிக்கும் தாள் ஒன்றை நுனியில் பிடித்துத் தொங்கவிட்டாள். இருதயராஜ் கத்தியை மேலிருந்து இழுத்தார். முருகையனுக்குக் கத்தி அடித்துக் கொடுத்த அதே கிளியனூர்க் கொல்லன் முத்துசாமியிடம் வாங்கி வந்த ஆறு கத்திகளில் ஒன்று. தாள் சத்தமில்லாமல் இரண்டாகி விழுந்தது.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த முருகையன் தரப்பு வக்கீல் நடராசன் எழுந்தே விட்டார். "போதும்யா! இருநூறு மூட்டைக்கு அப்புறமும் மழுங்கல. அவன் தீட்டவே வேண்டியதில்ல. திங்கக்கிழமை கோர்ட்டுலயே அறுத்துக் காட்டிடறேன்."

அவர் படியிறங்கிப் போன பிறகும் இருதயராஜ் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், சந்தோஷப்படறதுக்கு நல்ல நேரம் பாக்கறீங்களா?"

"தரையைப் பாரு அம்சா."

"சுத்தமாத்தானே இருக்கு. நான் இன்னும் பெருக்கக்கூட இல்ல."

"அதான். இருநூறு மூட்டை அறுத்த இடம், பெருக்காமலே சுத்தமா இருக்கு. இது எங்க வாங்கின சாக்கு?"

"எதுத்தாப்ல ரைஸ் மில்லுல."

"திண்டிவனம் மண்டித் தரை என்ன நிறம்?"

அம்சா காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள். "செகப்பு" என்றாள் மெதுவாக.

துப்பறிய வருவதற்கு முன் இருதயராஜ் பதினெட்டு வருஷம் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். கொலைகாரர்களைப் பற்றி அவருக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஆனால் ஒரு சோதனையில் இரண்டு விஷயத்தை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு விடை கிடைத்ததாகக் குதிக்கும் மாணவர்களை அவருக்கு நன்றாகத் தெரியும். அவர்களில் ஒருவரைப் போலத்தான் தானும் இன்று நின்றதாக அவருக்குப் பட்டது.

"அரிசிச் சாக்கு. அறுத்தது உன் கை. நூல் மில்லுக்காரன் போட்ட தையல். தீட்டினது நான். எதுவுமே அங்க இருந்த மாதிரி இல்ல. சர்க்கார் வக்கீல் எழுந்து, 'எந்தச் சாக்கு?'ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டா போதும்."

"கேக்காம உட்டுட்டாருன்னா?"

"நமக்குத் தெரிஞ்சு போச்சே."

"அதான் சார் உங்ககிட்ட இருக்கற ஒரே கெட்ட பழக்கம். பீடி குடிக்கக்கூடாதா, ஊர் உலகத்துல எல்லாரையும் மாதிரி?"

*

வெள்ளிக்கிழமை காலை திண்டிவனம் மண்டியில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. ஆடிக் காற்றில் சிவப்புத் தூசி எழும்பி எல்லார் புருவத்திலும் உட்கார்ந்திருந்தது.

முருகையனோடு ஒன்றாக வேலை பார்த்த சீனுவாசன் ஒத்துக்கொண்டான். அவன் கையால்தான் அத்தனை மூட்டையும் அறுக்க வேண்டும் என்று இருதயராஜ் கேட்டுக்கொண்டார். தீட்டுவதும் அவனே. முருகையன் காலையில் தீட்டுகிற அதே வாசல்படிக் கல்லில், ஒரு பக்கத்துக்கு ஐம்பது இழுப்பு, எண்ணி. அம்சா கொண்டுவந்த தாள்கள் எல்லாம் ஒரே கட்டு. மழையில் நனைந்த மூட்டையை ஒதுக்கிவிட்டார். நூல் நனைந்திருந்தால் கணக்குக் கெட்டுவிடும்.

"இன்னா சார், மூட்டைக்கு ஜாதகம் பாக்கறீங்க?" என்றான் சீனுவாசன்.

"பொருத்தம் பாக்கறாரு அண்ணே. கத்திக்கும் மூட்டைக்கும்" என்றாள் அம்சா.

பத்து மூட்டைக்கு ஒருதரம் தாளைத் தொங்கவிட்டார்கள். பத்து, சரி. இருபது, சரி. முப்பதாவது மூட்டையில் கத்தி தாளின் நடுவில் நின்று யோசித்தது. நாற்பதாவதில் தாள் வெட்டுப்படாமல் கசங்கி மடங்கியது.

"அடுத்த கத்தி" என்றார் இருதயராஜ்.

அதுவும் ஐம்பதைத் தாண்டவில்லை. மூன்றாவதும் நாற்பதிலேயே படுத்துவிட்டது.

"மல்லாட்டை மூட்டைன்னா அப்டித்தான் சார்" என்றான் சீனுவாசன், கத்தியின் முனையால் தையலைக் காட்டி. நூலின் முறுக்கெல்லாம் மண். "கொல்லையிலேர்ந்து செடியோட புடுங்கி, மண்ணோட கட்டி அனுப்பிடுவானுங்க. எடைக்கு எடையும் ஆச்சி. காலைல பத்து மணிக்கு மேல நாங்க அறுக்கறது இல்ல, பிச்சி எடுக்கறதுதான்."

அப்போதும் இருதயராஜ் விடவில்லை. நான்காவது கத்தியை அவனிடம் கொடுத்து, பஸ்ஸின் மேல் ஏற்றிக் கொண்டுவந்திருந்த அரிசிச் சாக்குகளை அறுக்கச் சொன்னார். கை அதேதான், கல் அதேதான், எண்ணிக்கையும் அதேதான். இருநூறாவது சாக்குக்குப் பிறகும் தாள் வெண்ணெயாக வெட்டுப்பட்டது. கத்தியைத் தின்றது மண்தான். இனி அதில் சந்தேகமே இல்லை.

சந்தேகம் இல்லாமல் போனதுதான் கஷ்டம்.

"அன்னிக்கு முருகையன் எத்தனை மூட்டை அறுத்தான்?"

"ஆளுக்கு எரநூறு சார். மூணு மணிக்குத்தான் வவுறு சரியில்லன்னு வூட்டுக்குப் போனான்."

"மத்தியானம் எங்கயாவது போய்த் தீட்டினானா?"

"என் பக்கத்துலதான் குந்திக்கினு கேப்பைக்களி துன்னான். கோர்ட்டுலயும் அதைத்தான் சொன்னேன். கூட்டாளி அப்டித்தான் சொல்லுவான்னு சொல்லிட்டாங்க. ஒரே பேஜாரு சார்."

மண்டிக்கு எதிரே போன் வைத்திருந்த கடையிலிருந்து இருதயராஜ் வக்கீலைக் கூப்பிட்டார். சோதனையில் கண்டதைச் சொன்னார். மறுமுனை, "இந்தச் சோதனைய நீங்க பண்ணவே இல்ல. நான் கேக்கவும் இல்ல" என்றுவிட்டுப் போனை வைத்துவிட்டது.

அம்சா கேலி எதுவும் தோன்றாமல் ஒரு மல்லாட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். "மூணு மணிக்குக் கத்தி மொண்ணை. மூணரைக்குக் கூரு. நடுவுல வூட்டுக்குப் போயிருக்கான். அப்ப வூட்டுல போய்த் தீட்டியிருக்கான்னுதானே சார் அர்த்தம்? நாம இவ்ளோ பாடுபட்டு சர்க்கார் வக்கீலுக்கு வேலை செஞ்சி குடுத்திருக்கோம்."

இருதயராஜுக்கும் வேறு அர்த்தம் தெரியவில்லை. விழுப்புரம் வந்து பஸ்ஸிலிருந்து இறங்கும்போதுதான் அவர் கேட்டார்.

"எல்லாத்தையும் ஒண்ணா வெச்சிருந்தோமா அம்சா?"

"கையி, கல்லு, நூலு, மூட்டை, தாளு. ஆமா."

"கத்தி?"

"ஒரே கொல்லன்தான் சார்."

"இரும்பும் ஒண்ணுதானான்னு நாம கேக்கல."

நப்பாசைதான். முருகையனின் கத்தி மட்டும் வேறு நல்ல இரும்பாக இருந்திருக்கக் கூடாதா? மண்ணைத் தாங்குகிற இரும்பாக?

*

சனிக்கிழமை காலை கிளியனூரில் உலைக்கு முன்னால் முத்துசாமி வியர்த்துக்கொண்டிருந்தார்.

"முருகையன் கத்தியா? உங்களுக்குக் குடுத்த அதே லாரி வில்லுப் பட்டைதான் சார். ஒரே பட்டையில துண்டு போட்டு அடிச்சது. இன்னும் கொஞ்சம்கூட அங்க கெடக்குது பாருங்க."

இருதயராஜின் தோள்கள் இறங்கின. அவ்வளவுதான். கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

"நல்ல புள்ள சார் அவன்" என்றார் கொல்லர், துருத்தியை மிதித்தபடி. "ஜோடியா வாங்கிக்கினு போனான்."

இருதயராஜ் நின்றார். "ஜோடியாவா?"

"தனக்கு ஒண்ணு, பொண்டாட்டிக்கு ஒண்ணு. அது பஸ்டாண்டுல வெள்ளரிக்கா விக்குதில்ல? ரெண்டும் ஒரே அளவு, ஒரே புடி. பக்கத்துல பக்கத்துல வெச்சா எனக்கே அடையாளம் தெரியாது. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லித்தான் அனுப்பினேன், உப்பு மொளகாத்தூள் தடவிட்டு அப்டியே வெக்காதம்மா, புடிகிட்ட துரு அரிச்சிடும்னு. ஏன் சார், துரு புடிச்சிக்கிச்சா?"

கோர்ட் மேஜையில் சீட்டுக் கட்டிக் கிடந்த கத்தியை இருதயராஜ் ஒரே ஒருதரம் பார்த்திருக்கிறார். கூரைப் பார்க்கிற அவசரத்தில், பிடியை ஒட்டி இரும்பில் பொட்டுப் பொட்டாக விழுந்திருந்த அரிப்பை ரத்தக்கறை என்று நினைத்து விட்டுவிட்டார். நாள் முழுக்க வெள்ளரிப்பிஞ்சை மட்டும் கீறுகிற கத்தி சாயந்தரம் வரைக்கும் கூராகத்தான் இருக்கும். யாரும் புதிதாகத் தீட்ட வேண்டியதில்லை.

"கை, கல், மூட்டை எல்லாத்தையும் கட்டிப்போட்டோம்" என்றார் வெளியே வந்து. "இது அவன் கத்திதானான்னு மட்டும் கேக்கல. அவன் சொன்னான், நம்பிட்டோம்."

அம்சாவுக்கு அது விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. விளங்கியதும் சாலையோரப் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"சார், அப்ப அஞ்சம்மாவா?"

அவர் பஸ் வருகிறதா என்று பார்த்தார்.

"இருங்க சார். அந்தப் பொண்ணுதானே நம்மகிட்ட வந்திச்சி? புருஷனைக் காப்பாத்துங்கன்னு திண்டிவனத்துலேர்ந்து விழுப்புரத்துக்கு எத்தனை நடை நடந்திச்சி? குத்தினவ எதுக்கு சார் டிடெக்டிவைத் தேடணும்?"

"தெரியல."

"நாம கண்டுபுடிக்காமலே இருந்திருக்கலாம்."

"இருக்கலாம்" என்றார் இருதயராஜ். அவர் அப்படி ஒத்துக்கொண்டது அம்சாவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

*

மண்டிக்குப் பின்சந்தில் ஓட்டு வீடு. அஞ்சம்மாள் மத்தியானக் கூடையை இறக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். அவளுடைய நாலு வயசுப் பிள்ளை சின்னபொண்ணு மூலையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. தட்டில் சோறு தொட்டது தொட்டபடி காய்ந்திருந்தது.

"வாங்க சார். வாம்மா. குந்துங்க" என்று பாய் விரித்தாள். இருதயராஜின் முகத்தைப் பார்த்தவள், சொம்பில் கொண்டுவந்த தண்ணீரைக் கொடுக்க மறந்து கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அஞ்சம்மா, நீ ஒண்ணும் பேச வேணாம். நான் சொல்றேன். எங்க தப்பாச் சொல்றேனோ அங்க நீ எழுந்து உள்ள போயிடு."

அவள் சுவரோரம் உட்கார்ந்தாள்.

"அன்னிக்குப் பஸ்டாண்டுலேர்ந்து நீ சீக்கிரம் திரும்பிட்ட. மண்டியில உம் புருஷன் இன்னும் வேலையா இருக்கான்னு தெரிஞ்சிதான் மேஸ்திரி இந்த வாசல்ல வந்து நின்னாரு. அதுக்கு முன்னாடியும் வந்திருக்காரு. புதன்கிழமை மண்டியில நடந்த சண்டை மூட்டைக்காக இல்ல."

அஞ்சம்மாள் அசையவில்லை.

"உன் கையில வெள்ளரிக்கா கத்தி இருந்திச்சி. வேற ஒண்ணும் இல்ல."

அம்சா குழந்தையின் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"அவரு தள்ளாடி வெளிய போயி சந்துல விழுந்தாரு. அப்பத்தான் முருகையன் வந்தான். உன் கையிலேர்ந்து கத்தியப் புடுங்கினான். தன்னோட கத்திய இங்க வெச்சிட்டு, உன்னோடத எடுத்துக்கினு போயி அந்தாளு பக்கத்துல நின்னான். நான்தான்னான்."

சந்தில் யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தேய்ந்து மறையும்வரை மூன்று பேரும் காத்திருந்தார்கள். அஞ்சம்மாள் எழுந்து உள்ளே போகவே இல்லை.

"இங்க வெச்சிட்டுப் போன கத்தி எங்க?"

இப்போது எழுந்தாள். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டு ஒரு துணிச் சுருளை எடுத்துப் பாயில் வைத்தாள். இருதயராஜ் பிரித்தார். கோர்ட்டில் பார்த்த கத்தியின் அச்சு. பிடியின் பிளவில் சணல் தும்பு சிக்கியிருந்தது. அலகும் பிடியும் சேருகிற இடுக்கில் சிவப்பு மண். அம்சா கேட்காமலே பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நுனியில் தொங்கவிட்டாள். இருதயராஜ் மேலிருந்து இழுத்தார். கத்தி பட்டதும் தாள் கசங்கி மடங்கியது.

"நாலு மாசமா இதைத் தீட்டவே இல்லையா?"

"ஒரு வெங்காயம்கூட அரியல சார்." அவர் சொல்லத் தொடங்கியதிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு.

"அன்னிக்கே ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"சத்தியம் வாங்கிட்டாரு சார். அதோ, அது தலையில என் கைய அழுத்தி வெச்சி. நடந்தத உன் வாயால யாருகிட்டயும் சொல்லக்கூடாது, சொன்னா புள்ள நமக்கு இல்லன்னாரு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லக்கூடாதுன்னுதான் சார் சத்தியம். யாரும் கண்டுபுடிக்கக்கூடாதுன்னு சேத்துக்க அவுருக்குத் தோணல. அதுக்குள்ள வெளிய போலீசும் வந்துடுச்சி. அதான் உங்களாண்ட வந்தேன்."

இருதயராஜ் தலையைக் குனிந்துகொண்டார். தன் புத்திசாலித்தனத்தால் மூன்று நாளில் கண்டுபிடித்ததாக நினைத்த ஒன்றை, இந்தப் பெண் நாலு மாதமாக ஓட்டு இடுக்கில் வைத்துக்கொண்டு, எப்போது வருவீர்கள் என்று காத்திருந்திருக்கிறாள்.

அவளிடம் பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"அஞ்சம்மா, இதுல பெரிசா நம்பிக்கை வெச்சிடாத. முருகையன் நான்தான்னு எழுதிக் குடுத்திருக்கான். இந்தக் கத்திய நாங்களே மண்ணுல தேய்ச்சிக் கொண்டாந்தோம்னு சொல்லுவாங்க. அரிசிச் சாக்கு, மல்லாட்டை மூட்டைன்னு நான் எழுந்து பேசினா ஜட்ஜு சிரிப்பாரு. உன் மானத்துக்காகத்தான் நீ குத்தினேன்னு நிரூபிக்க அன்னிக்கு இங்க ஒரு சாட்சி இல்ல. எல்லாம் மீறி நம்பினாங்கன்னா உன்னைப் புடிச்சிக்கினு போவாங்க. நம்பலன்னா அவனும் வரமாட்டான், உன் பேரும் கெடும். நான் எந்தப் பக்கம் கூட்டிக் கழிச்சாலும் இந்த வூட்டுல ஒரு ஆளு கொறையுது."

"தெரியும் சார்."

"தெரிஞ்சுதான் வந்தியா?"

"எல்லாத்தையும் நீங்களே சொல்லிட்டீங்க. நான் வாயத் தொறக்கல. இல்லம்மா?" என்று அம்சாவைக் கேட்டாள். அம்சா ஆமாம் என்று தலையை ஆட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இப்ப நான் ஒண்ணு கேக்கலாமா சார்? இது சத்தியத்துல வராது."

"கேளு."

அஞ்சம்மாள் தூங்குகிற பிள்ளையைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள், அது விழித்துவிடாமல்.

"அது அவுரு ஊட்டினாத்தான் சார் துன்னும். பொறந்ததுலேர்ந்தே அப்டி. எங்கையால ரெண்டு வாயிக்கு மேல எறங்காது. நாலு மாசமா எப்டி எளைச்சிப் போச்சி பாருங்க. உங்க மாடிப்படி ஏறும்போதெல்லாம் இன்னிக்குக் கேட்டுடணும்னுதான் ஏறுவேன். கேட்டா, ஏன்னு கேப்பீங்க. ஏன்னா சொல்ல முடியாது. பேசாம எறங்கிடுவேன்." காய்ந்த சோற்றுத் தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். "அவுர வூட்டுக்கு அனுப்பிட்டு, என்னை இட்டுக்கினு போவச் சொல்லுங்க சார்."